அஸ்தானா குளிருக்கு மூட்டை கட்டுவது எப்படி: மாதம் பார்த்து, காலிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தயாராகிறார்கள். துணிக்கு ஒதுக்கிய பணத்தில் முக்கால்வாசியை ஒரு பெரிய ஜாக்கெட்டில் போட்டுவிடுகிறார்கள். காலில் வழக்கமான ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் மெல்லிய கம்பளி கிளவுஸ். விமான நிலைய வாசலில் டாக்சிக்காகப் பத்து நிமிடம் நிற்கும்போது நெஞ்சு கதகதப்பாக இருக்கிறது, கால் விரல்களோ மரத்துப் போகின்றன.

இங்கே ஒரே நாளில் இரண்டு பருவங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். வெளியே மைனஸ் 20 என்றால், கதவைத் திறந்து உள்ளே போனதும் 23, 24 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாளில் எத்தனையோ தடவை போய் வருவீர்கள். அதனால் எதை வாங்குவது என்பதைவிட, எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் முக்கியம். என் வரிசை இது: மாதம், காற்று, கால், கை, முகம், உடம்பு. பெட்டி கடைசியில்தான்.

1. முதலில் தேதியை உறுதி செய்யுங்கள்

"குளிர்காலம்தானே" என்று பொதுவாக நினைத்துக் கிளம்பினால் பாதித் துணி வீணாகும். அஸ்தானா கடலிலிருந்து வெகு தொலைவில், ஸ்டெப்பி புல்வெளியின் நடுவே, தட்டையான நிலத்தில் இருக்கிறது. குளிரையும் வெயிலையும் மட்டுப்படுத்தக் கடல் பக்கத்தில் இல்லை, காற்றைத் தடுக்க மலையும் இல்லை. ஜனவரியின் சராசரி மைனஸ் 15-ஐ ஒட்டியும் ஜூலையின் சராசரி 20-ஐ ஒட்டியும் இருக்கிறது. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 51.6.

நவம்பரில் பனி படியத் தொடங்கும். பகலில் கொஞ்சம் உருகி, இரவில் மறுபடி உறைந்து, நடைபாதை கண்ணாடிபோல ஆகிவிடும். குளிரைவிட வழுக்கல்தான் இந்த மாதத்தின் தொல்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை முழுக் குளிர். மைனஸ் 10 முதல் மைனஸ் 20 வரை சாதாரண நாள். இடையிடையே மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும் நாட்களும் வரும். டிசம்பர் கடைசியில் காலை எட்டே காலுக்குத்தான் சூரியன் உதிக்கிறது, மாலை நாலு மணி தாண்டியதும் மறைந்துவிடுகிறது. சுற்றிப் பார்க்க வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது.

மார்ச்சிலும் பனி இருக்கும். 21 முதல் 23 வரை நவ்ரோஸ் விடுமுறை. வசந்தத் திருநாள் என்று படித்துவிட்டு மெல்லிய உடையோடு வருகிறவர்கள் அப்போதும் பனியில்தான் நிற்பார்கள். பகலில் சகதி கலந்த ஈரப்பனி, இரவில் கட்டி. இந்த மாதத்துக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ்தான் முதல் தேவை. ஏப்ரல் முழுக்கச் சேறும் காற்றும். வேறு வழியில்லை என்றால் ஒழிய ஏப்ரலில் வர வேண்டாம் என்பேன்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகல் இதமாக இருக்கும், இரவு உறைநிலையைத் தொடும். ஆனால் ஊர் முழுக்கக் கட்டடங்களுக்கு மையமாக வரும் வெப்பமூட்டல் அன்றைக்குத்தான் தொடங்கியிருக்கும், அல்லது இன்னும் தொடங்கியிருக்காது. ஜனவரியில் வீட்டுக்குள் பனியனோடு உட்காரலாம். இந்த இடைவெளி வாரங்களில் வீட்டுக்குள்தான் வெடவெடக்கும். வாடகை வீட்டில் தங்குவதானால் இரவுக்கு ஒரு கனமான ஸ்வெட்டரும் சாக்ஸும் கட்டாயம்.

பனியைப் பார்க்க மட்டும் வருவதானால் என் பரிந்துரை பிப்ரவரி கடைசி. பனி அப்படியே இருக்கும், பகல் வெளிச்சம் பத்தரை மணி நேரத்தைத் தாண்டியிருக்கும்.

2. வெப்பநிலையைக் காற்றோடு சேர்த்துப் பாருங்கள்

போனில் மைனஸ் 15 என்று பார்த்துவிட்டு "சமாளித்துவிடலாம்" என்று கிளம்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நம் உடம்பு தன் தோலைச் சுற்றி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலத்தை வைத்திருக்கிறது. வெளிக்காற்று அடிக்க அடிக்க அந்தப் படலம் போய்க்கொண்டே இருக்கிறது, உடம்பு மறுபடி மறுபடி சூட்டை இழக்கிறது. அதனால் காற்றில்லாத மைனஸ் 25-ஐவிடக் காற்றடிக்கும் மைனஸ் 15 மோசமாக இருக்க முடியும்.

உள்ளூர் வானிலை அறிவிப்புகளில் காற்றின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். எட்டு என்று பார்த்துவிட்டுக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்குக் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர் அது. மைனஸ் 20-இல் அந்தக் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு மைனஸ் 32 போல இருக்கும். மைனஸ் 15-இல் நொடிக்கு 10 மீட்டர் என்றால் மைனஸ் 27.

உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கலாம். நான் இந்த எண்ணைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே இருந்தால் நடக்கலாம். கீழே இருந்தால் வாசலிலிருந்து வாசலுக்கு டாக்சி.

இஷிம் ஆற்றின் இடது கரையில் இருக்கும் புது நகரத்தில் இது இன்னும் முக்கியம். சாலைகள் அகலம், கட்டடங்கள் உயரம், நடுவே காற்று தங்குதடையில்லாமல் ஓடும். பைத்தெரெக் கோபுரத்திலிருந்து பார்த்தால் கூடார வடிவ மாலான கான் ஷாத்திர் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். நடந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். கோடையில் அருமையான நடை. ஜனவரியில் எதிர்க்காற்றில் பாதி வழியில் திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. ஒதுங்கக்கூடிய கடை, மால், வெப்பமூட்டிய பஸ் நிறுத்தம் எது எங்கே என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

புரான் என்று இங்கே சொல்லும் பனிப்புயல் வந்தால், நகரத்துக்கு வெளியே செல்லும் நெடுஞ்சாலைகளை மூடிவிடுவார்கள். சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புராபாய் ஏரிக்குப் போகும் திட்டம் இருந்தால், அதைத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளில் வைக்காதீர்கள்.

3. கால்: பணத்தை முதலில் இங்கே போடுங்கள்

குளிர் எடுத்ததும் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகக் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். பாதம் உறைந்த தரையில் நேரடியாக நிற்கவும் செய்கிறது. எவ்வளவு நல்ல ஜாக்கெட்டும் இதைச் சரிசெய்யாது.

பூட்ஸில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இடம். வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். ஒரு மெல்லிய சாக்ஸ், அதன் மேல் ஒரு கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் உள்ளே விரல்களை ஆட்ட முடிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டமும் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றுக்கும் இடம் இருக்காது. "குளிருது" என்று மூன்றாவது சாக்ஸைத் திணிப்பவர்களுக்குத்தான் முதலில் விரல் மரத்துப் போகிறது.

இரண்டாவது, அடிப்பாகம். தடிமனாக, ஆழமான பள்ளங்களோடு, குளிரிலும் வளையக்கூடிய ரப்பராக இருக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் அடிப்பாகங்கள் குளிரில் கல்லாகிவிடும், வழுக்கும், சில வெடித்தும் போகும். இங்கே பல கட்டடங்களின் படிகள் வழவழப்பான கிரானைட். லேசாகப் பனி விழுந்த கிரானைட் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

இதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18-இல் இருக்கும், அதாவது அஸ்தானாவின் ஒரு சாதாரண ஜனவரி இரவு. காலையில் எடுத்து அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் சரி. பலகைபோல நின்றால் அந்த பூட்ஸ் வேண்டாம்.

மூன்றாவது, பக்கவாட்டு ஜிப். லேஸ் கட்டும் பூட்ஸ் தப்பில்லை. ஆனால் இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வேண்டும், ஹஸ்ரத் சுல்தான் மசூதியைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். கனமான ஜாக்கெட்டோடு குனிந்து ஒவ்வொரு தடவையும் லேஸ் அவிழ்ப்பது பெரும்பாடு.

சாக்ஸில் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஈரமான சாக்ஸ் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு கொடுக்கும். ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். மதியம் ஒரு தடவை மாற்றினால் மிச்ச நாள் நன்றாகப் போகும்.

4. கை, காது, முகம்

ஒரே ஒரு கனமான கிளவுஸ் போதாது. போனில் டாக்சி கூப்பிடவும் படம் எடுக்கவும் அதைக் கழற்றுவீர்கள், வெறும் கை வெளியே வரும். அதற்குப் பதில் உள்ளே தொடுதிரையில் வேலை செய்யும் மெல்லிய கிளவுஸ், வெளியே நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்வதால் மிட்டன் எப்போதும் கூடுதல் சூடு. தொலைந்து போவதும் அடிக்கடி நடக்கும் என்பதால் மணிக்கட்டில் மாட்டும் கயிறு இருப்பதை வாங்குங்கள்.

கை சூடாக்கும் பொட்டலங்களைக் கொண்டு வந்தால், மெல்லிய கிளவுஸுக்கும் மிட்டனுக்கும் நடுவே வையுங்கள். தோலில் நேராக வைத்தால் சுட்டுவிடும். அவை காற்றோடு வினைபுரிந்துதான் சூடாகின்றன. அதனால் வெளியே போகச் சில நிமிடங்களுக்கு முன்பே உறையைப் பிரித்துவிடுங்கள்.

குல்லா காது மடலின் அடி வரை மூட வேண்டும். நெற்றியில் மட்டும் உட்காரும் குல்லா படத்துக்கு அழகு, காதுக்கு உதவாது. கழுத்துக்கு நீளமான மஃப்ளரைவிடத் தலை வழியாக மாட்டும் குழாய் வடிவத் துணி மேல்; காற்றில் அவிழாது, மூக்கு வரை இழுத்துவிடலாம். மூச்சின் ஈரம் அதில் உறைந்து கட்டியாகும் என்பதால் இரண்டு வேண்டும்.

கம்மல், ஜிமிக்கி, மூக்குத்தி போட்டிருப்பவர்கள் கவனியுங்கள். உலோகம் குளிரைத் தோலுக்கு நேராகக் கடத்தும். பெரிய தொங்கட்டான்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். சின்ன மூக்குத்தி கழற்ற முடியாதது என்றால், முகம் மூடும் துணி எப்போதும் அதன் மேல் இருக்கட்டும். உலோக ஃபிரேம் கண்ணாடிக்கும் இதே கதைதான். பிளாஸ்டிக் ஃபிரேம் இருந்தால் அதைக் கொண்டு வாருங்கள்.

5. உடம்பு: எளிதில் கழற்றக்கூடிய அடுக்குகள்

மூன்று அடுக்கு போதும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், வியர்வையை வெளியே தள்ள. நடுவில் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், சூட்டைப் பிடித்து வைக்க. மேலே காற்றுப் புகாத, தொடை பாதி வரை வரும், தலைமூடி வைத்த ஜாக்கெட்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறு, உள் அடுக்குகளை அடுக்கிக்கொண்டே போவது. இரண்டு தெர்மல், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாலுக்குள் போவார்கள். உள்ளே 24 டிகிரி. ஜாக்கெட்டைக் கழற்றலாம், உள்ளே இருக்கும் தெர்மலைக் கழற்ற முடியுமா? ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். அதே ஈரத்தோடு வெளியே வந்தால் காற்று அந்த ஈரத்தை நேராகத் தாக்கும். நடுங்கிப் போனவர்கள் "குளிர் ஒத்துக்கவில்லை" என்பார்கள். அவர்களை நடுங்க வைத்தது பெரும்பாலும் உள்ளே சேர்ந்த வியர்வைதான்.

அதனால் கனத்தை எல்லாம் வெளி ஜாக்கெட்டில் வையுங்கள், உள்ளே மிதமாகப் போடுங்கள். நடு அடுக்கு ஜிப் வைத்ததாக இருந்தால் தலை கலையாமல் திறந்துவிடலாம். கீழே நடுத்தர கனத்தில் ஒரு தெர்மல் பேன்ட், அதன் மேல் கொஞ்சம் தளர்வான கால்சட்டை. ஜீன்ஸ் பருத்திதான், குளிரில் விறைத்துவிடும். அதைத்தான் போட வேண்டும் என்றால் உள்ளே தெர்மல் போகும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

ஜாக்கெட் வாங்கும்போது கழுத்தின் உள்பக்கம் மாட்டும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ரிப்பன் துண்டைத் தைத்துவிடுங்கள். அருங்காட்சியகம், நாடக அரங்கு, பல உணவகங்கள் எல்லாவற்றிலும் வாசலில் கார்தெரோப் என்ற உடுப்பறை உண்டு. ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு எண் போட்ட வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். வளையம் இல்லாத ஜாக்கெட்டைக் கொக்கியில் மாட்ட அங்கே இருக்கும் அம்மா படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். குல்லாவையும் கழுத்துத் துணியையும் கை வழியே உள்ளே திணித்துக் கொடுங்கள். பாஸ்போர்ட், போன், பணம் மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. எதைக் கொண்டு வருவது, எதை இங்கே வாங்குவது

தெர்மல், சாக்ஸ், மெல்லிய கிளவுஸ், உள் அடுக்குகள் எல்லாம் ஊரிலிருந்தே வரட்டும். சரியான அளவைப் போட்டுப் பார்த்து நிதானமாக வாங்கலாம்.

பூட்ஸும் பெரிய ஜாக்கெட்டும் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வாரத்துக்குள் என்றால், குளிர்நாட்டுக்குப் போய் வந்த யாரிடமாவது இரவல் வாங்கி வாருங்கள். படிக்கவோ வேலைக்கோ வந்து ஒரு குளிர்காலம் முழுக்க இருப்பதானால் இங்கேயே வாங்குங்கள்; இந்த ஊர்க் காற்றுக்கென்று செய்ததுதான் கடையில் இருக்கும். மெகா சில்க் வே, கான் ஷாத்திர் போன்ற மால்களில் கார்டு செல்லும். ஆர்த்யோம், யூரேசியா சந்தைகளில் விலை இறங்கும், பேரம் பேசலாம், ஆனால் கையில் டெங்கே ரொக்கம் வேண்டும்.

கடையில் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: இது "ஸிமா"வா, "தெமிசெஸோன்"னா? முதலாவது முழுக் குளிர்காலத்துக்கு. இரண்டாவது வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தெமிசெஸோன் விலையும் குறைவாக இருக்கும். பூட்ஸின் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். பாதம் வைக்கும் இடம் வரை ரோமமோ கம்பளியோ தடிமனாக இருந்தால்தான் ஸிமா.

7. கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

ஏ.சி. ஓடும் அறையில் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். மிட்டனோடு ஜாக்கெட் ஜிப்பை இழுக்க முடிகிறதா? ஜிப்பின் நாக்கு சின்னதாக இருந்தால் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். தலைமூடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பினால் சாலை தெரிகிறதா? கையைத் தூக்கினால் மணிக்கட்டுக்கும் கிளவுஸுக்கும் நடுவே தோல் தெரிகிறதா? குனிந்தால் முதுகு தெரிகிறதா? காற்று தேடி வரும் இடங்கள் இவைதான்.

8. பெட்டியும் பயண நாளும்

குல்லா, கிளவுஸ், கழுத்துத் துணி, ஒரு செட் தெர்மல், கம்பளி சாக்ஸ் ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே வாருங்கள், ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வெளியே கால் வைக்க இது போதும். இறங்கியதும் போடலாம் என்று எல்லாவற்றையும் பெரிய பெட்டியின் அடியில் வைப்பவர்கள், பெட்டி வராத நாளில் டீ-ஷர்ட்டோடு நிற்க வேண்டியிருக்கும். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் வர வேண்டும்.

விமானம் இறங்கியதும் அவசரப்பட வேண்டாம். கழிவறையில் தெர்மலைப் போட்டுக்கொண்டு, உள்ளே நின்றபடியே யாண்டெக்ஸ் கோ செயலியில் டாக்சி கூப்பிடுங்கள். வண்டி வாசலுக்கு வந்ததாகக் காட்டிய பிறகு வெளியே போங்கள்.

துணி எண்ணிக்கையில் தாராளம் வேண்டாம். தெர்மல் இரண்டு செட் போதும். இரவில் துவைத்து அறையின் வெப்பமூட்டிக் குழாய் மேல் போட்டால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். ஈரத்துணி அறைக் காற்றின் வறட்சியையும் குறைக்கும்.

நீச்சல் உடை ஒன்று வையுங்கள். கான் ஷாத்திர் கூடாரத்தின் மேல் தளத்தில் மணலோடு ஒரு செயற்கைக் கடற்கரை இருக்கிறது. வெளியே பனி கொட்டும்போது அங்கே குளிக்கலாம்.

9. தோல், மருந்து, போன்

குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு. வெப்பமூட்டிய அறைக்குள் அது இன்னும் வறண்டுவிடும். உதடு வெடிப்பு, மூக்கில் ரத்தக் கசிவு, தொட்டால் சுரீரென்று மின்சாரம் எல்லாம் சகஜம். வாசலின் போன்ற எண்ணெய்ப்பசை உள்ள களிம்பை உதட்டிலும் மூக்கைச் சுற்றியும் தடவுங்கள். தண்ணீர்த்தன்மை உள்ள கிரீமைத் தடவினால், வெளியே போவதற்கு அரை மணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் கொண்டு வருவதானால் வாயகன்ற டப்பாவில் ஊற்றி வாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்து வராது.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே போகவே கூடாது. தலைக்குக் குளியல் இரவில் இருக்கட்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டும். இன்ஹேலரை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வையுங்கள். மூக்கின் மேல் துணியைப் போட்டு மூக்கு வழியாகவே மூச்சு விடுங்கள்.

போனும் உள்பையில்தான் இருக்க வேண்டும். குளிரில் லித்தியம் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும். நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்துவிடும். அறைக்குள் வந்ததும் உடனே சார்ஜ் போடாதீர்கள். போன் சூடாகும்வரை காத்திருங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கேமராவை உள்ளே கொண்டு போகும் முன் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது.

10. தினமும் வெளியே கிளம்பும் வரிசை

ஜாக்கெட்டை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பூட்ஸ், போன், சாவி என்று தேடினால் கதவைத் திறக்கும் முன்பே வியர்த்துவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: கழிவறை, தெர்மல், சாக்ஸ், கால்சட்டை, ஸ்வெட்டர். அப்புறம் போன், பணம், சாவி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு டாக்சியைக் கூப்பிடுங்கள். பூட்ஸ், கழுத்துத் துணி, குல்லா. வண்டி இரண்டு நிமிடத்தில் என்று காட்டும்போது ஜாக்கெட், கடைசியாகக் கிளவுஸ்.

உள்ளே நுழையும்போது இதைத் திருப்பிச் செய்யுங்கள். வாசல் கம்பிவலையில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறுங்கள், இல்லையென்றால் அது உருகி உள்ளே இறங்கும். கதவைத் தாண்டியதுமே ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். "ஐந்து நிமிட வேலைதானே" என்று கடைக்குள் இழுத்து மூடிய ஜாக்கெட்டோடு நிற்காதீர்கள்.

குழந்தைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போனால் நினைவில் வையுங்கள்: நீங்கள் நடக்கிறீர்கள், குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்குச் சரியாக இருக்கும் குளிர் குழந்தைக்கு அதிகம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நல்லது, வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் குறையுங்கள், குளிர்ந்திருந்தால் உடனே உள்ளே போங்கள்.

பெரியவர்களோடு வந்தால் பனியில் நடக்கும் விதத்தையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கி, பாதம் முழுவதும் ஒன்றாகத் தரையில் பதிய. கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. வழுக்கினால் சமாளிக்கக் கை வெளியே வேண்டும்.

11. குளிர் தாக்கிவிட்டால்

மூக்கு நுனி, கன்னம், காது மடல், விரல்கள்; பனிக்கடி முதலில் வருவது இங்கேதான். தோல் வெளுத்து மெழுகுபோலத் தெரியும், உணர்ச்சி போயிருக்கும். வலி நின்றுவிட்டதே என்று நிம்மதிப்படக் கூடாது. அதுதான் ஆபத்தின் அறிகுறி. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால், கூட வருபவர் முகத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்லும் பழக்கம் இருக்கட்டும்.

அப்படித் தெரிந்தால் உடனே கட்டடத்துக்குள் போங்கள். தேய்க்க வேண்டாம், பனியால் தேய்க்கவே வேண்டாம், உறைந்த திசு கிழியும். வெப்பமூட்டியில் ஒட்ட வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாததால் சுடுவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி இளஞ்சூட்டு நீரில் வைத்திருங்கள். நிறம் திரும்பும்போது நன்றாக வலிக்கும். மறுபடி உறையும் வாய்ப்பிருக்கும் இடத்தில் சூடாக்கத் தொடங்கக் கூடாது.

மது குளிரைப் போக்கும் என்று யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உடம்பின் சூட்டை வெளியேற்றும். கதகதப்பாக உணர்ந்தபடியே உள்ளுக்குள் குளிர்ந்துபோவீர்கள். கொப்புளம், கருமை, நிற்காத நடுக்கம், குழறல், தள்ளாட்டம் ஏதாவது தெரிந்தால் ஆம்புலன்ஸுக்கு 103, பொது அவசரத்துக்கு 112.

12. கோடையில் வருகிறவர்களுக்கு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருத்தி உடை போதும். பகலில் 25 முதல் 30 வரை, சில நாள் 35-ஐயும் தாண்டும். இரவில் 15-க்குக் கீழே இறங்கும், காற்றும் உண்டு, அதனால் ஒரு மெல்லிய ஜாக்கெட் வேண்டும். ஜூலையில்தான் மழை அதிகம் என்பதால் குடையைவிடக் காற்றில் திரும்பாத மழைக்கோட்டு நல்லது. ஆற்றங்கரையில் ஜூன் மாதம் கொசு மொய்க்கும், தடவும் மருந்தும் முழுக்கைச் சட்டையும் கொண்டு வாருங்கள்.

கண்ணை மூடும் துணிப்பட்டை ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் விடிகாலை நாலு மணிக்கே சூரியன் வந்துவிடும். ஜூலை 6 தலைநகர் தினம், அந்த வாரத்துக்கு அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். வாடகை வீடு எடுப்பதானால் தனி வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் குழாய்களைப் பழுதுபார்க்க மையச் சுடுநீரைப் பல நாட்கள் நிறுத்துவார்கள், வெளியே 30 டிகிரி இருந்தாலும் குழாயில் வரும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும்.